ஸ்னேரைக் கவிழ்த்துப் பாருங்கள்: டிரம் தோல் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்னேர் டிரம் (டிரம் செட்டில் அடிப்பக்கம் கம்பிகள் பூட்டிய டிரம்) சரியில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் தன் ஸ்னேரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லூரி இசைக்குழுவில் வாசிப்பவன். "அண்ணா, தகர டப்பா மாதிரி கத்துது. வேற ஸ்னேர் வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றான். 14 இன்ச் விட்டம், ஐந்தரை இன்ச் உயரம், எஃகு ஷெல் (டிரம்மின் உடல்), எட்டு லக் (திருகுகள் மாட்டும் பிடிகள்). ஆரம்பநிலை டிரம் செட்டோடு வரும் வழக்கமான உருப்படி. மேல்தோலில் அடித்து அடித்து நடுவே குழி விழுந்திருந்தது. கவிழ்த்தேன். கீழ்த்தோலை வாங்கிய நாள் முதல் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. விரலால் லேசாக அழுத்தினால் பாலாடை போலச் சுருங்கியது.

ஷெல்லில் ஒரு குறையும் இல்லை. இரண்டு தோல்களையும் மாற்றி, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து முறுக்கியதும் அந்த டிரம்மின் குரலே மாறிவிட்டது. ஆன செலவு, புதிய ஸ்னேர் விலையில் சின்னப் பங்குதான். எந்தத் தோல், ஏன் அந்தத் தோல் என்று அவன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

தோல் என்கிறோமே தவிர, இன்றைக்கு அது தோலே இல்லை. ஹெட், ஸ்கின், தோல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வோம். பொருள் என்னவோ பாலியெஸ்டர் படலம். 1950கள் வரை கன்றுக்குட்டித் தோல்தான் டிரம்முக்கு. மழைக்காலத்தில் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும், மேடை விளக்கின் சூட்டில் இறுகிச் சுருதி ஏறிவிடும். பறையை நெருப்பில் காய்ச்சிவிட்டு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. டியூபான்ட் நிறுவனத்தின் மைலார் என்னும் படலம் வந்ததும் அமெரிக்காவில் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி போன்ற டிரம்மர்கள் தோலுக்குப் பதிலாக அதை மாட்டிப் பார்த்தார்கள். பெல்லியின் ரெமோ நிறுவனம் 1957-இல் தொடங்கியது. அதுவும், எவன்ஸ் பெயரில் வருபவையும்தான் இன்றும் கடைகளில் நம் கண்ணில் அதிகம் படுகின்றன. அக்வேரியன் என்று இன்னொன்றும் உண்டு. படலம் என்று ஆன பிறகு தடிமன், அடுக்கு, பூச்சு எல்லாவற்றையும் அளந்து செய்ய முடிந்தது. கடையில் போய் நின்றால் தலை சுற்றும் அளவுக்கு வகைகள் பெருகியது அதனால்தான்.

அந்த வகைகளுக்குள் நுழையும் முன், ஒரு அடி எப்படிச் சத்தமாகிறது என்று பார்த்துவிடலாம். குச்சி மேல்தோலில் விழுகிறது. மேல்தோல் உள்வாங்கும்போது ஷெல்லுக்குள் அடைபட்ட காற்று கீழ்த்தோலைத் தள்ளுகிறது. கீழ்த்தோலை ஒட்டிக் குறுக்கே சுருள் கம்பிகள் படுத்திருக்கின்றன. வழக்கமாக 20 இழை. கீழ்த்தோல் துள்ளும்போது கம்பிகள் எழும்பி மறுபடியும் அதன்மேல் வந்து அறைகின்றன. ஸ்னேர் என்றதும் நம் காதுக்கு வரும் அந்தச் 'சட்' என்ற வெடிப்பு இப்படித்தான் பிறக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் லீவரைத் தட்டிக் கம்பியைக் கீழே இறக்கிவிட்டு அடித்துப் பாருங்கள். ஸ்னேர், செட்டில் இருக்கும் கம்பியில்லாத டாம் டிரம் போல 'டொங்' என்று மட்டும் சொல்லும்.

ஆக, அடி வாங்குவது மேல்தோல், பதில் சொல்வது கீழ்த்தோல். ஆனால் புதிதாக வாசிக்க வருபவர்கள் காசு முழுவதையும் மேல்தோலில்தான் போடுகிறார்கள்.

கீழ்த்தோல்

ஹெட்களின் தடிமனை 'மில்' என்ற அளவில் சொல்வார்கள். மில்லிமீட்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு இன்ச்சை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் ஒரு மில். 10 மில் என்றால் கால் மில்லிமீட்டர். வழக்கமான மேல்தோலின் தடிமன் அவ்வளவு இருக்கும்.

கீழ்த்தோல் வழக்கமாக 3 மில். அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. நம் தலைமுடியின் தடிமனை ஒட்டியது. இவ்வளவு மெல்லிதாக இருந்தால்தான் மேலிருந்து வரும் காற்றின் சின்னத் தள்ளலுக்கும் அது துள்ளும், கம்பிகளை எழுப்பும். 2 மில் போட்டால் விரல் நுனியால் தட்டினாலும் கம்பி பேசும், ஆனால் பலமாக வாசித்தால் ஆயுள் குறைவு. 5 மில் போட்டால் தாங்கும், சத்தத்தில் கொஞ்சம் முரட்டுத்தனம் வரும், மெல்லிய தட்டல்கள் மங்கும். ராக் வாசிப்பவர்களுக்கு அது ஒத்துப்போகலாம். மற்ற எல்லோருக்கும் 3 மில் போதும். இதில் நான் ரொம்ப யோசிப்பதில்லை.

யோசிக்க வேண்டியது பெயர் விஷயத்தில்தான். எவன்ஸ்காரர்கள் கீழ்த்தோலுக்கு 200, 300, 500 என்று எண் வைத்திருக்கிறார்கள்: முறையே 2, 3, 5 மில். குழப்பமே இல்லை. ரெமோவில் டிப்ளமேட், அம்பாசடர், எம்பரர் என்று பெயர்கள். (அம்பாசடர் என்றதும் கார் நினைவுக்கு வந்தால் உங்கள் வயது தெரிந்துவிடும்.) இந்த மூன்று பெயர்களும் மேல்தோலுக்கும் உண்டு, கீழ்த்தோலுக்கும் உண்டு. மேல்தோல் அம்பாசடர் 10 மில், கீழ்த்தோல் அம்பாசடர் 3 மில். கடையில் 'அம்பாசடர் ரெண்டு குடுங்க' என்று கேட்டு, 10 மில் தோல் இரண்டை வாங்கி வந்து, ஒன்றை அடியில் மாட்டிவிட்டு, கம்பி ஏன் தூங்குகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். உறையில் 'ஸ்னேர் சைடு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு நல்ல மேல்தோலாக இருந்தாலும் அடியில் மாட்டினால் வேலைக்காகாது. அதே மாதிரி, கீழ்த்தோலை மேலே மாட்டினால் இரண்டு அடிக்குத் தாங்காது.

இன்னொன்று. குச்சி படுவதே இல்லை என்பதால் கீழ்த்தோல் கிழியாது, அதனால் மாற்ற வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கிழியாதுதான். ஆனால் கம்பிகள் வருஷக்கணக்கில் அறைந்து அறைந்து அதில் தடம் பதித்துவிடும், படலம் இழுபட்டுத் துள்ளல் போய்விடும். மேல்தோலை மூன்று தடவை மாற்றினால் கீழே ஒரு தடவையாவது மாற்றுவது என் வழக்கம்.

மேல்தோல்

பெயர்கள் எத்தனை இருந்தாலும் மேல்தோலில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான்: எவ்வளவு தடிமன், ஒரு அடுக்கா இரண்டு அடுக்கா, மேலே பூச்சு உண்டா, சத்தத்தை அடக்க ஏதாவது சேர்த்து ஒட்டியிருக்கிறதா. இவை ஒவ்வொன்றும், அடித்தபின் இழுத்துக்கொண்டு ஒலிக்கும் 'ரிங்' என்று நாம் சொல்லும் ஒரே சமாசாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. எனவே அந்த ரிங் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கும் ஒரே கனமுள்ள வட்டச் சவ்வைத் தட்டினால் ஒரே நேரத்தில் பல சுரங்கள் கிளம்பும். அடிச்சுரத்தை 1 என்று வைத்துக்கொண்டால் அடுத்தவை கணக்குப்படி 1.59, 2.14, 2.30 என்று ஏறும். வீணைத் தந்தியில் வருவது போல 2, 3, 4 என்று ஒழுங்காக வராது. ஒன்றோடொன்று சுருதி சேராத கூட்டம் அது. மிருதங்கத்தில் வலந்தலையின் நடுவே கருப்பாகப் பூசியிருப்பது இந்தக் கோணலை நிமிர்த்துகிறது. நடுவில் கனம் ஏறுவதால் மேற்சுரங்கள் ஒழுங்கான வரிசைக்கு வந்துவிடுகின்றன. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920-இலேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிவதும், ஸ்னேருக்கு அந்த அர்த்தத்தில் முடியாததும் இதனால்தான். ஸ்னேரில் கோணல் அப்படியே இருக்கிறது. 'தகர டப்பா' என்று தம்பி சொன்னது அந்தச் சேராத மேற்சுரங்களைத்தான். தோல் வகை மாறும்போது இந்த மேற்சுரங்கள் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எவ்வளவு நேரம் கார்வை கொடுக்கின்றன என்பதுதான் மாறுகிறது.

ஒற்றை அடுக்கு 10 மில் தோலில் அவை தாராளமாக இருக்கும். ரெமோவின் அம்பாசடர், எவன்ஸின் ஜி1 எல்லாம் இந்த ரகம். மெல்ல அடித்தாலும் பதில் சொல்லும், ஓங்கி அடித்தால் விரியும். இன்னும் மெல்லிதாக வேண்டுமென்றால் ஏழரை மில் டிப்ளமேட் உண்டு. ஜாஸ் வாசிப்பவர்களுக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்கும் அது சரிப்படும். ஓங்கி அடிப்பவர் கையில் அது பாவம்.

இரண்டு அடுக்கு வேறு ஜாதி. எவன்ஸின் ஜி2-வில் 7 மில் படலங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ரெமோவின் எம்பரரும் இந்த வகைதான். இரண்டும் ஒட்டாமல் ஒன்றோடொன்று உராய்வதால், வேகமாக அதிரும் மேற்சுரங்கள் முதலில் செத்துப்போகின்றன. மிச்சம் இருப்பது தடித்த, குட்டையான 'டப்'. ஆயுளும் அதிகம். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது நுணுக்கம். பெரிய அடிகளுக்கு நடுவே இடது கையால் தூவிக்கொண்டே போகும் மெல்லிய தட்டல்களான கோஸ்ட் நோட்கள் இதில் பாதி காணாமல் போய்விடும். எம்பரர் எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 10 மில் படலம் இரண்டு, அடியில் கருப்பு வட்டம் வேறு. மெட்டல் வாசிப்பவர்களுக்கு வரப்பிரசாதம். வீட்டுக்குள் பழகும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், பலகையை அடிப்பது போல இருக்கிறது என்று புகார் வரும்.

பூச்சு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோட்டட் என்று வரும் வெள்ளைச் சொரசொரப்பு ஸ்னேரின் மேல்தோலுக்கு ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். குச்சிக்குப் பதிலாகப் பிடிக்கும் பிரஷ்ஷால் தேய்க்கும்போது வரும் 'ஸ்ஸ்' என்ற ஒலிக்கு அந்தச் சொரசொரப்பு வேண்டும். தோலுக்குத் துளி கனம் கூடுவதால் கூர்மையும் சற்று மழுங்கும். வழவழப்பான கிளியர் தோல் டாம்களுக்கு அழகாக இருக்கும். ஸ்னேருக்கு மேலே மாட்டி ரசித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் சேர்மானங்கள். சிலவற்றில் நடுவில் ஒரு வட்டம் ஒட்டியிருக்கும். அது அடி விழும் இடத்தைத் தாங்குவதோடு சத்தத்தையும் சற்று ஒருமுகப்படுத்தும். ரெமோவின் பவர்ஸ்ட்ரோக் 3 போன்றவற்றில் அடிப்பக்க விளிம்பைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று இருக்கும். மேற்சுரங்கள் விளிம்போரத்தில்தான் அதிகம் ஆட்டம் போடும் என்பதால் வளையம் அவற்றை அங்கேயே பிடித்துவிடும். எவன்ஸின் 'டிரை' வகைகளில் விளிம்போரமாகக் குண்டூசி அளவில் ஓட்டைகள் வரிசையாக இருக்கும். காற்று அதன் வழியே தப்பிப்பதால் சத்தம் வறண்டு சட்டென்று முடியும். நாலு பக்கமும் டைல்ஸ் பதித்து எதிரொலிக்கும் மண்டபத்தில் அடிக்கடி வாசிப்பவர் என்றால் இதை ஒரு முறை முயன்று பார்க்கலாம். ஆனால் முதல் தோலாக வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்று தம்பியும் கேட்டான். அவன் மனதில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது: ரிங் தொல்லை பண்ணுகிறது, ஆகவே ரிங்கே இல்லாத தோலாக வாங்கிவிட்டால் தீர்ந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். நானும் விழுந்தவன்தான்.

சிறிய அறையில் ஸ்னேருக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு தனியாக அடிக்கும்போது ரிங் காதைக் குடையும். அதே ஸ்னேரை இன்னொருவரை அடிக்கச் சொல்லிவிட்டு இருபது அடி தள்ளிப் போய் நில்லுங்கள். பாதி குறைந்திருக்கும். கீபோர்டு, கிடார், பேஸ் எல்லாம் சேர்ந்து வாசிக்கும்போது கேட்டுப் பாருங்கள். ரிங் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதோடு, மற்ற வாத்தியங்களைக் கிழித்துக்கொண்டு ஸ்னேர் வெளியே வருவதற்குக் கை கொடுப்பதும் நீங்கள் துரத்த நினைத்த அதே மேற்சுரங்கள்தான். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கச்சேரிக்காக என் ஸ்னேரைப் பார்த்துப் பார்த்து அடக்கி, வீட்டில் ரெக்கார்டு சத்தம் போல ஆக்கி எடுத்துப் போனேன். மேடையில் யாருக்குமே ஸ்னேர் கேட்கவில்லை. "நீ இன்னிக்கு ஸ்னேர் வாசிச்சியா?" என்று பேஸ் கிடார்காரர் உண்மையிலேயே சந்தேகத்தோடு கேட்டார்.

திறந்த குரலுள்ள தோலை எப்போது வேண்டுமானாலும் அடக்கலாம். டேப்பை மடித்து விளிம்போரம் ஒட்டலாம், ஜெல் துண்டு வைக்கலாம், பர்ஸைக் கூட வைக்கலாம். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் ஒலிப்பதிவுகளில் பாத்திரம் துடைக்கும் துண்டையே டிரம்களின் மேல் போட்டு வாசித்தார். வேண்டாம் என்றால் துண்டை எடுத்துவிடலாம். தொழிற்சாலையிலேயே அடக்கிக் கொடுத்த தோலில் அந்த வசதி இல்லை. இல்லாத ரிங்கை டேப் ஒட்டி வரவழைக்க முடியாது. அதனால் எந்த ஸ்னேராக இருந்தாலும் முதலில் ஒற்றை அடுக்கு, 10 மில், கோட்டட். அதில் ஒரு மாதம் வாசித்துவிட்டு, 'எனக்கு இதில் இன்னது பிடிக்கவில்லை' என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் அடுத்த வகைக்குப் போகலாம். தோல் பள்ளமாகிக்கொண்டே இருந்தால் நடுவில் வட்டம் உள்ளது. விளிம்பு ரிங் மைக்கில் தொல்லை என்று சவுண்டுக்காரர் நிஜமாகவே சொன்னால் வளையம் வைத்தது. மாதம் ஒன்று கிழிந்தால் இரண்டு அடுக்கு. ஆனால் அதற்கு முன், குச்சி பிடிக்கும் விதத்தை யாராவது பெரியவரிடம் காட்டிவிடுங்கள்.

கெவ்லார் தோல் பற்றியும் ஒரு வார்த்தை. குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் அதே இழையில் நெய்தவை அவை. ஸ்காட்லாந்து பாணிப் பைப் பேண்டுகளிலும் அமெரிக்க அணிவகுப்புக் குழுக்களிலும் பேய்த்தனமாக இறுக்கி வாசிப்பார்கள். அந்த இழுப்பைத் தாங்குவதற்கென்றே அந்த டிரம்களைக் கட்டியிருப்பார்கள். கிழியவே கிழியாது என்று யாராவது ஆசை காட்டினாலும் சாதாரண டிரம் செட் ஸ்னேரில் அதைப் போட்டு முறுக்காதீர்கள். தோலுக்கு ஒன்றும் ஆகாது, ஷெல்லும் லக்கும்தான் போகும்.

மாற்றும் நாள்

முதலில் அளவு. தோலை அழுத்திப் பிடிக்கும் ரிம் என்ற வளையத்தைக் கழற்றிவிட்டு ஷெல்லின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளக்க வேண்டும். நான் முதல் தடவை ரிம்மோடு சேர்த்து வைத்து அளந்தேன். ஏறக்குறைய 15 வந்தது. 15 இன்ச் தோல் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் சொல்லி வரவழைத்து, அது என் 14 இன்ச் ஸ்னேரில் தொப்பி மாதிரி ஆடியது. பெரும்பாலான ஸ்னேர் 14தான். சந்தேகமாக இருந்தால் பழைய தோலைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

தம்பியின் ஸ்னேரில் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கினோம். கம்பிகளைக் கழற்றும் முன் எந்த முனை எந்தப் பக்கம் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். கழற்றியதும் ஷெல் விளிம்பைத் துணியால் துடைத்து விரலால் ஒரு சுற்று தடவினோம். கம்பிகள் கடக்கும் இரண்டு இடங்களில் மட்டும் விளிம்பு லேசாகத் தாழ்ந்திருக்கும். அது அடிபட்டு நசுங்கியதல்ல. கம்பி தோலோடு ஒட்டிப் படுப்பதற்காக வேண்டுமென்றே செதுக்கியது. தம்பி பதறிப்போய் "இது டேமேஜா அண்ணா?" என்று கேட்டதால் சொல்கிறேன்.

தோலை வைத்து, ரிம்மை வைத்து, எட்டுத் திருகுகளையும் முதலில் கை விரலாலேயே முறுக்க முடிகிற வரை முறுக்க வேண்டும். அதன்பின் டிரம் கீயால் (திருகைச் சுற்றும் சாவி) அரைச் சுற்று, எதிர்த் திருகில் அரைச் சுற்று என்று நட்சத்திரம் வரைவது போலக் குறுக்கே குறுக்கே போக வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டே போனால் தோல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், அப்புறம் என்ன முறுக்கினாலும் சரிவராது. சுருக்கம் போனதும் கால் சுற்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருகுக்கும் எதிரே, விளிம்பிலிருந்து ஒரு இன்ச் உள்ளே, கீயின் முனையால் மெல்லத் தட்டுங்கள். எட்டு இடத்திலும் ஒரே சுரம் வர வேண்டும். நமக்குச் சுருதி பார்க்கும் காது பரம்பரையாக உண்டு என்பார்கள். இருந்தாலும் முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், பரவாயில்லை. கீழ்த்தோலை நன்றாகவே இறுக்கலாம், பெரும்பாலும் மேல்தோலைவிட இறுக்கமாக. மெல்லிதுதானே என்று பயந்து தளர விடுவதால்தான் அந்தப் பாலாடைச் சுருக்கமும், கம்பி சொதசொதவென்று பேசுவதும்.

மேல்தோலும் அதே முறை. கைக்கு வந்த அளவு இறுக்கியதும் உள்ளங்கையை நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள். சில தோல்களில் 'கடக் முடக்' என்று சத்தம் வரும். விளிம்பு வளையத்தில் இருக்கும் பசை இடம் பிடித்து அமரும் சத்தம்தான் அது. கிழியவில்லை. அழுத்தியபின் சுருதி இறங்கியிருக்கும், மறுபடி ஏற்றுங்கள். மேல்தோலை எவ்வளவு இறுக்குவது என்பதற்குத் தனி விதி கிடையாது. மிகத் தளர்வில் 'தொப்', நடுவில் வயிறும் வெடிப்பும் சேர்ந்த சத்தம், உச்சத்தில் 'டிக்'. தளர்விலிருந்து தொடங்கி, கால் கால் சுற்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அடித்துக் கேட்டால் உங்கள் ஷெல்லுக்குப் பிடித்த இடம் ஒன்று தானாகவே தெரியவரும். அந்த இடத்தில் திடீரென்று சத்தம் பெரிதாகும். தம்பியின் எஃகு ஸ்னேருக்கு அது நடுவுக்குச் சற்று மேலே இருந்தது.

கடைசியாகக் கம்பி. புதுத் தோல் போட்டும் சத்தம் மூச்சு முட்டினால் முக்கால்வாசி நேரம் கம்பியை அளவுக்கு மீறி இறுக்கியிருப்போம். முழுக்கத் தளர்த்தி, நடுவில் விடாமல் தட்டிக்கொண்டே திருகை மெல்ல ஏற்றுங்கள். 'லொடலொட' நின்று 'சட்' என்று வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். டாம் அடித்தாலோ பேஸ் கிடார் ஒலித்தாலோ ஸ்னேர் தானாக முணுமுணுக்கும் தொல்லையை முழுக்க ஒழிக்க முடியாது. கீழ்த்தோலில் கம்பியின் இரண்டு முனைகளுக்கும் பக்கத்தில் இருக்கும் திருகுகளை மட்டும் கொஞ்சம் தளர்த்தினால் ஓரளவு குறையும்.

எப்போது மறுபடி மாற்றுவது? வெள்ளைப் பூச்சு நடுவில் தேய்ந்து கண்ணாடி போலத் தெரிவது முதல் அடையாளம். தேய்ந்த பூச்சோடு மாதக்கணக்கில் வாசிக்கலாம், பிரஷ் வாசிக்காதவருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. நடுவில் குழிகள் விழுவதும், சுருதி வைத்து இரண்டு பாட்டுக்குள் இறங்கிவிடுவதும்தான் கவனிக்க வேண்டியவை. கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி தட்டு போலக் குழிந்திருக்கும். அந்தத் தோலை இனி எவ்வளவு இறுக்கினாலும் முழுக்குரல் வராது.

கழற்றிய பழைய மேல்தோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உலோக வளையத்தை ஒட்டிப் படலத்தைக் கத்தரித்து எடுத்தால் வட்டமான ஒரு தகடு கிடைக்கும். அது ரிம்முக்குள் தட்டாமல் உட்காரும்படி ஓரத்தைச் சரிசெய்துகொண்டு, வெளி விளிம்பிலிருந்து ஒரு இன்ச் அகலத்தை மட்டும் விட்டு நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். மிஞ்சும் வளையத்தை ஸ்னேரின் மேல் அப்படியே போட்டால் ரிங் பாதியாகக் குறையும். கடையில் இதையேதான் தனியாக விற்கிறார்கள். வெட்டும்போது அந்த வெள்ளைப் பூச்சு பொடிப்பொடியாக உதிரும், வீட்டில் திட்டு விழும். பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள்.